அரசின் இரண்டு நாக்குகள்

அரசு ஒரு கல்லூரியை அறிவிக்கிறது. முதலமைச்சரே அதைத் தொடங்கிவைக்கிறார். ஆனால் அக்கல்லூரிப் பணியிடங்களுக்கான விளம்பரத்தில், இந்துக்கள் மட்டுமே விண்ணப்பிக்கலாம் என்று ஒரு வரி இருக்கிறது. 2021 அக்டோபரில், சென்னை கொளத்தூர் அருள்மிகு கபாலீசுவரர் கலை மற்றும் அறிவியல் கல்லூரிக்காக வெளியான விளம்பரத்தைச் சொல்கிறேன். உதவிப் பேராசிரியர் முதல் அலுவலகப் பணியாளர் வரை எல்லாப் பணியிடங்களுக்கும் அதே வரிதான். சில நாள் பரபரப்பு இருந்தது. ஆசிரியர் அமைப்புகள் கண்டித்தன. பிறகு வழக்கம்போல் வேறொரு பரபரப்பு வந்தது, இது மறந்துபோனது.

மறக்காதவர் ஒருவர் இருந்தார். அலுவலக உதவியாளர் பணிக்கு விண்ணப்பிக்க முயன்று, இசுலாமியர் என்பதால் வாய்ப்பு மறுக்கப்பட்டவர். அவர் தொடுத்த வழக்கை 2024 நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. கல்லூரி கபாலீசுவரர் கோயிலின் நிதியில் இயங்குவது, அரசிடம் நிதியுதவி பெறாத சுயநிதி நிறுவனம். எனவே இந்து சமய அறநிலையச் சட்டத்தின் 10ஆம் பிரிவு அதற்குப் பொருந்தும் என்பது தீர்ப்பின் சாரம். சமய நிறுவனங்களின் அலுவல் சார்ந்த பதவிகளை அச்சமயத்தவருக்கே உரியதாக்க அரசமைப்புச் சட்டத்தின் 16(5) இடமளிக்கிறது என்பதும் அதற்குத் துணை.

16(5) எதற்காக வந்தது என்பது வெளிப்படை. கோயிலின் அறங்காவலராகவோ பள்ளிவாசலின் முத்தவல்லியாகவோ வேற்றுச் சமயத்தவர் அமர்வது பொருந்தாது என்பதற்காக வந்தது. வணிகவியல் வகுப்பில் பேரேடு எழுதக் கற்பிப்பது எந்தச் சமயத்தின் அலுவல்? கணிப்பொறி அறிவியல் துறையில் கோப்பு எடுத்துவைக்கும் உதவியாளர் கபாலீசுவரருக்கு எந்தக் காலப் பூசையில் தேவைப்படுகிறார்? இக்கேள்விகளை வழக்கறிஞர்கள் மேல்முறையீட்டில் கேட்கட்டும். என் வழக்கு நீதிமன்றத்தோடு இல்லை. இப்படியொரு கல்லூரியை உருவாக்கி, இப்படியொரு கேள்வியை நீதிமன்றத்தின் முன் நிற்கவைத்த அரசோடுதான்.

நடந்ததைச் சற்றுப் பொறுமையாகப் பாருங்கள். 2021இல் பதவியேற்ற தி.மு.க. அரசு, அறநிலையத் துறையின் சார்பில் பத்துக் கலை அறிவியல் கல்லூரிகள் தொடங்கப்படும் என்று சட்டமன்றத்தில் அறிவித்தது. நான்கு தொடங்கப்பட்டன. ஏழைப் பிள்ளைகளின் உயர்கல்விக்கு அரசு செய்த சாதனை என்று மேடைகளில் பேசப்பட்டது. மேடையில் அது அரசின் கல்லூரி. நீதிமன்றத்தில் அதே கல்லூரி கோயிலின் கல்லூரி. புகழ் வரும் இடத்தில் ஒரு நாக்கு, பொறுப்பு வரும் இடத்தில் இன்னொரு நாக்கு. அரசின் கல்லூரி என்றால் மதம் பார்த்து வேலை தர முடியாது. கோயிலின் கல்லூரி என்றால் அதை அரசின் சாதனைப் பட்டியலில் சேர்க்க முடியாது. இரண்டையும் ஒருசேர அனுபவிக்க ஒரே வழி, அரசும் கோயிலும் எங்கே பிரிகின்றன என்று யாருக்கும் தெரியாமல் வைத்திருப்பது.

தெரியாமல் வைத்திருப்பதற்கான வசதி அறநிலையத் துறையின் அமைப்பிலேயே இருக்கிறது. கோயிலுக்கு அறங்காவலர் குழு இருக்க வேண்டும். குழு நியமிக்கப்படாத இடத்தில் 'தக்கார்' என்ற பெயரில் பெரும்பாலும் துறையின் அதிகாரி ஒருவரே அமர்வார். அரசு கேட்கும், கோயிலின் சார்பில் அரசே சம்மதிக்கும், அந்தச் சம்மதத்தை அரசே பெற்றுக்கொள்ளும். ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றிவிட்டு அதைக் கொடை என்று சொல்வதற்கு நம் மொழியில் வேறு பெயர் உண்டு. இங்கே எழுத வேண்டாம். 2021 நவம்பரில் உயர்நீதிமன்றத்தின் முதல் அமர்வு, அறங்காவலர்களை நியமிக்காமலும் நீதிமன்ற அனுமதியின்றியும் மேலும் கல்லூரிகளைத் தொடங்கக் கூடாது என்று தடுத்தது. தொடங்கப்பட்ட நான்கும் இயங்கலாம். ஆனால் அவற்றில் இந்து சமய வகுப்புகள் நடத்தப்பட வேண்டும் என்றும் நிபந்தனை விதித்தது.

பொறி எவ்வளவு கச்சிதமாக அமைந்திருக்கிறது! முழுவதும் அரசு நிதியில் நடக்கும் கல்வி நிலையத்தில் சமய போதனை கூடாது என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 28ஆவது கூறு. கோயில் நிதியைச் செலவிடுவதென்றால், பக்தர் எதற்காகக் கொடுத்தாரோ அந்தச் சமய நோக்கத்திற்குச் செலவிட வேண்டும் என்கிறது அறக்கட்டளை முறைமை. இரண்டும் சரியான விதிகள். கோயில் பணத்தில் அரசு கல்லூரி நடத்தப் புகுந்ததால், முதல் விதியிலிருந்து தப்பி இரண்டாவதில் மாட்டிக்கொண்டோம். விளைவு, பெரியாரின் பெயரைச் சொல்லி ஆட்சி செய்த ஒரு கட்சியின் காலத்தில், அரசு அறிவித்த கல்லூரிகளில் சமய வகுப்பு கட்டாயமாயிற்று. ஆசிரியருக்கு மதத் தகுதியும் கட்டாயமாயிற்று.

தமிழ் கற்பிக்கும் நான் இதில் ஏன் இவ்வளவு உறுத்தல் கொள்கிறேன் என்று கேட்கலாம். என்னிடம் பயின்ற இசுலாமிய மாணவி ஒருவர் ஆழ்வார் பாசுரங்களில் ஆய்வு செய்து முனைவர் பட்டம் பெற்றவர். நெட் தேர்விலும் தேறியவர். பாசுரங்களின் அகத்துறை மரபை அவர் விளக்கிக் கேட்டால், வைணவக் குடும்பத்தில் பிறந்த என் சக ஆசிரியர்கள் சிலர் நாணுவார்கள். குறைந்த ஊதியத்திற்குக் கௌரவ விரிவுரையாளராகக் காலந்தள்ளும் அவர், கொளத்தூர்க் கல்லூரியில் தமிழ் கற்பிக்க விண்ணப்பிக்கவும் தகுதியற்றவர். உயர்நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக இருந்தவரும், சென்னைக் கம்பன் கழகத்தை நிறுவி வளர்த்தவருமான மு.மு. இஸ்மாயில் இன்று இளைஞராக வந்தாலும் அங்கே கம்பராமாயணம் நடத்த முடியாது. ஜி.யு. போப் வந்தால் திருவாசகத்தை வாசலில் வைத்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

இதற்கு மாறான ஒரு காட்சியையும் நினைவுபடுத்துகிறேன். சென்னைக் கிறித்தவக் கல்லூரி, மதம் பரப்ப வந்தவர்கள் நடத்திய கல்லூரி. அங்கே தமிழ் கற்பித்தவர் பரிதிமாற்கலைஞர். 1898இல் அங்கே ஆசிரியராகச் சேர்ந்து 1911 வரை இருந்தவர் மறைமலையடிகள். சைவத்தின் பெருங்குரலாக ஒலித்த மனிதரைத் தங்கள் கல்லூரியில் வைத்துக்கொள்ளப் பாதிரிமார்களுக்குத் தடை இருக்கவில்லை. அவர்களுடைய பிற நோக்கங்களை நான் அறியாதவன் அல்லன். ஆயினும் தமிழாசிரியர் வேலைக்குத் தமிழ் தெரிய வேண்டும் என்ற எளிய செய்தி அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

கோயில்கள் கல்விச்சாலை நடத்துவது நம் பண்டை மரபுதானே என்று ஒரு வாதம் எழும். சோழர் காலத்தைச் சொல்வார்கள். சொல்லட்டும்; ஆனால் கல்வெட்டை முழுக்கப் படித்துவிட்டுச் சொல்லட்டும். முதலாம் இராசேந்திரன் காலத்து எண்ணாயிரம் கல்வெட்டு, 340 மாணவரும் 14 ஆசிரியரும் கொண்ட ஒரு கல்லூரிக்கு அளிக்கப்பட்ட நிவந்தத்தைப் பேசுகிறது. அங்கே கற்பிக்கப்பட்டவை வேதங்களும் வியாகரணமும் மீமாம்சையும் வேதாந்தமும். (திருவாய்மொழி ஓதுவோருக்கும் ஏற்பாடு உண்டு, அது வழிபாட்டைச் சேர்ந்தது.) உழவர் பிள்ளையும் குயவர் பிள்ளையும் அந்த 340இல் இருந்தார்கள் என்று எந்தக் கல்வெட்டும் சொல்லவில்லை. அண்மைக் காலத்துக்கு வாருங்கள். 1794இல் இறந்த பச்சையப்ப முதலியார் கோயில் தருமங்களுக்காக விட்டுச் சென்ற பொருளின் ஒரு பகுதிதான் 1842இல் கல்விக்குத் திருப்பப்பட்டது. சென்னையின் எத்தனையோ தலைமுறைகளுக்கு அறிவுக்கண் திறந்த நிறுவனம் அது. ஆனால் 1947 வரை இந்து மாணவர்கள் மட்டுமே அங்கே சேர முடிந்தது. கோயில் சொத்தில் கல்வி என்ற மரபு, கதவில் ஒரு காவலனையும் சேர்த்தேதான் கொண்டுவருகிறது. கொளத்தூரில் மாணவர் சேர்க்கையில் அந்தக் காவலன் இல்லை என்பது உண்மை. ஆசிரியர் அறை வாசலில் நிற்கிறான்.

அப்படியானால் கோயில்களை அரசு விட்டுவிட வேண்டும் என்று சொல்கிறீர்களா, இது இன்னாருடைய குரல் அல்லவா என்று சந்தேகிப்போர் உண்டு. இந்தச் சந்தேகத்தைத் தீர்க்கச் சற்று வரலாறு பேசியாக வேண்டும்.

சென்னை மாகாணத்தில் கோயில்களை அரசு நிர்வாகத்தின் கீழ் கொண்டுவந்தது கிழக்கிந்தியக் கம்பெனி. 1817ஆம் ஆண்டின் ஏழாம் ஒழுங்குமுறைச் சட்டம் அதற்கு வழிவகுத்தது. கலெக்டர் கோயில் கணக்கைப் பார்த்தார், திருவிழா நடத்தினார், தேர் இழுக்க ஆள் பிடித்தும் கொடுத்தார். வெளியேறச் சொல்லி முதலில் குரல் எழுப்பியவர்கள் நாத்திகர்களோ பக்தர்களோ அல்லர், கிறித்தவ மதபோதகர்கள். கிறித்தவ அரசு விக்கிரக வழிபாட்டுக்கு ஊழியம் செய்வதா என்பது அவர்கள் ஆத்திரம். சென்னைப் படையின் தளபதி மெய்ட்லண்டு இதன் பொருட்டே 1838இல் பதவி விலகினார். 1863இல் சட்டம் இயற்றி அரசு கைகழுவியது. அதன் பின்பு என்ன நடந்தது? உள்ளூர்ப் பெரிய மனிதர்களின் கையில் கோயில் நிலமும் நகையும் கேட்பாரின்றிக் கிடந்தன. அந்தக் கொள்ளையை நிறுத்தத்தான் நீதிக்கட்சி ஆட்சியில் பனகல் அரசர் 1925இல் அறநிலையச் சட்டத்தைக் கொண்டுவந்தார். தேவையான சட்டம். இன்றும் தேவையான சட்டம்.

ஆக, கோயில்களைப் பழையபடி ஒரு சாதியாரிடமோ ஒரு கட்சியின் ஆட்களிடமோ ஒப்படைப்பதற்குப் பெயர் விடுதலை என்றால், அந்த விடுதலையில் எனக்கு நம்பிக்கை இல்லை. 25ஆவது கூறு அரசுக்கு இரண்டு அதிகாரங்களைத் தெளிவாகவே தந்திருக்கிறது. சமயத்தோடு ஒட்டியிருக்கும் பொருளியல், நிதி அலுவல்களை ஒழுங்குபடுத்தலாம். இந்துக் கோயில்களை எல்லாப் பிரிவினருக்கும் திறந்துவிடலாம். கணக்கு சரியாக இருக்கிறதா, கதவு எல்லோருக்கும் திறக்கிறதா. இந்த இரண்டையும் பார்ப்பதற்கு ஓர் அரசு வேண்டும். கடுமையான அரசு வேண்டும்.

1954இல் சீரூர் மட வழக்கில் உச்சநீதிமன்றம் வகுத்ததும் ஏறக்குறைய இந்த எல்லைதான். சடங்கும் வழிபாடும் சமயத்தாரின் உரிமை, சொத்து நிர்வாகத்தைச் சட்டத்தால் ஒழுங்குபடுத்தலாம் என்றது. ஆனால் கணக்கர் மெல்ல மெல்ல முதலாளி ஆனார். முதலாளி பிறகு பக்தரும் ஆனார். இன்று அறநிலையத் துறை அமைச்சர் எவராயினும், எத்தனை குடமுழுக்கு நடத்தினோம் என்று சட்டமன்றத்தில் பட்டியல் வாசிக்கிறார். குடமுழுக்கு நடத்துவது அரசின் வேலையா என்று ஆளுங்கட்சியும் கேட்பதில்லை, எதிர்க்கட்சியும் கேட்பதில்லை. உங்கள் காலத்தில் குறைவு, எங்கள் காலத்தில் அதிகம் என்பதே விவாதம்.

இந்த இடத்தில்தான் 10ஆம் பிரிவை மீண்டும் பார்க்க வேண்டும். ஆணையர் தொடங்கி இச்சட்டத்தின்கீழ் நியமிக்கப்படும் எல்லாரும் இந்துவாக இருக்க வேண்டும் என்கிறது அது. அரசின் ஒரு துறைக்குள் குடிமக்களில் ஒரு பகுதியினர் நுழையவே முடியாது. அத்துறை வழிபாட்டை நடத்துகிறது என்றால் இவ்விதி நியாயமே. கணக்கை மட்டும் தணிக்கை செய்கிறது என்றால் இவ்விதிக்குப் பொருளே இல்லை. கூட்டல் கழித்தல் தெரிந்த எவரும் போதும். 10ஆம் பிரிவு ஓர் ஒப்புதல் வாக்குமூலம். இத்துறை அரசுத் துறையாக மட்டும் இல்லை என்பதை அரசே எழுதிக் கொடுத்திருக்கிறது.

2024 ஆகஸ்டு 24, 25 நாள்களில் பழனியில் நடந்த அனைத்துலக முத்தமிழ் முருகன் மாநாடு இந்த வாக்குமூலத்தின் விரிவுரை. நடத்தியது அறநிலையத் துறை. நடந்த இடம், கோயிலின் பழனியாண்டவர் கலை மற்றும் பண்பாட்டுக் கல்லூரி. மறுபடியும் கல்லூரி! ஆய்வரங்குகள் இருந்தன, கட்டுரைகள் வாசிக்கப்பட்டன. திருமுருகாற்றுப்படை பற்றிய நல்ல கட்டுரை எந்த மேடையில் வாசிக்கப்பட்டாலும் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் மாநாட்டுத் தீர்மானங்களில் ஒன்று, கந்தசஷ்டி விழாவின்போது முருகன் கோயில்களில் மாணவ மாணவியரைக் கொண்டு கந்தசஷ்டி கவசம் பாராயணம் செய்விப்பது. திராவிடர் கழகத் தலைவர் கி. வீரமணி கண்டித்தார். கூட்டணியில் இருந்த மார்க்சியக் கட்சியும் கண்டித்தது. கவசத்தைப் பாட விரும்பும் மாணவன் தாராளமாகப் பாடட்டும். என் வீட்டிலும் ஒலிக்கும் பாட்டு அது. அரசின் ஒரு துறை தீர்மானம் போட்டு மாணவரைத் திரட்டுகையில் அது பாட்டாக இல்லை, சுற்றறிக்கையாகிவிடுகிறது.

இது தந்திரம், எதிரியின் ஆயுதத்தைப் பறிக்கும் உத்தி என்று நண்பர்கள் சிலர் விளக்கினார்கள். பத்தே மாதத்தில், 2025 ஜூனில், மதுரையில் இந்து முன்னணி தன் முருக பக்தர்கள் மாநாட்டைப் பெருந்திரளாக நடத்தியது. ஆயுதம் பறிக்கப்பட்டதாகத் தெரியவில்லை. முருகன் அரசியல் மேடைக்கு உரியவன் என்பதை அரசே நிறுவிக் கொடுத்த பிறகு, மேடையைப் பெரிதாகப் போடுகிறவர்கள் வரத்தானே செய்வார்கள்? அதற்கடுத்த மாதமே, கோயில் பணத்தில் கல்லூரி கட்டுவதா என்று அப்போதைய எதிர்க்கட்சித் தலைவர் எடப்பாடி பழனிசாமி கோவையில் பேசினார். அவர் பேச்சிலிருந்த கேள்வி சரி. அது அவர் வாயிலிருந்து வந்த நேரமும் நோக்கமும் வேறு. அவர் சார்ந்த கட்சியின் ஆட்சியில்தான், 2011இல், செருசலேம் செல்லும் கிறித்தவர்களுக்கும், அடுத்த ஆண்டு மானசரோவர், முக்திநாத் செல்லும் இந்துக்களுக்கும் அரசின் பயண மானியம் அறிவிக்கப்பட்டது. எல்லா மதத்துக்கும் கொஞ்சம் கொஞ்சம் பகிர்ந்து கொடுத்தால் அது மதச்சார்பின்மை ஆகிவிடும் என்ற நம்பிக்கையில் இரு கழகங்களுக்கும் வேற்றுமை இல்லை. ஹஜ் மானியத்தைப் பத்தாண்டுக்குள் நிறுத்துமாறு உச்சநீதிமன்றம் 2012இல் சொன்னது; 2018இல் மத்திய அரசு நிறுத்தியது. சரியாகவே நிறுத்தியது. அதே அளவுகோலை மற்றவற்றுக்கு நீட்டுகையில்தான் கை நடுங்குகிறது.

மக்கள் மத உணர்வு கொண்டவர்கள், அரசு மட்டும் எப்படி விலகி நிற்கும் என்று கேட்பவர்களுக்கு ஒரு நாளை நினைவூட்டலாம். 1949 அக்டோபர் 17. அரசமைப்பு நிர்ணய சபையில், முகப்புரையைக் கடவுளின் பெயரால் தொடங்க வேண்டும் என்று எச்.வி. காமத் திருத்தம் கொண்டுவந்தார். அவையில் பெரும்பாலோர் கடவுள் நம்பிக்கை உடையவர்கள். நாடு மதத்தின் பெயரால் பிளந்து குருதி உலராத காலம். வாக்கெடுப்பில் ஆதரவு 41, எதிர்ப்பு 68. திருத்தம் தோற்றது. அந்த 68 பேரில் பலர் அன்று காலையில் பூசையோ தொழுகையோ முடித்துவிட்டுத்தான் வந்திருப்பார்கள். காந்தியின் நிலையும் இதுவே. சோமநாதர் ஆலயத்தைப் புதுப்பிக்க அரசுக் கருவூலத்திலிருந்து ஒரு காசும் எடுக்கலாகாது, மக்கள் தரட்டும் என்று 1947இலேயே சொன்ன பக்தர் அவர்.

பிரிவினை மதத்திற்கு எதிரானது என்ற எண்ணம் எப்படியோ நம்மிடம் படிந்துவிட்டது. நம் பக்தி மரபின் தலைமகன்களில் ஒருவரான அப்பர், பெரிய புராணம் சொல்கிறபடி, பல்லவனின் ஆணைக்குப் பணிய மறுத்தவர். அரசனின் அதிகாரம் தன் சிவனுக்கும் தனக்கும் இடையில் வரக் கூடாது என்பதே அவர் நிலை. இன்று அப்பர் பாடிய தலங்களில் செயல் அலுவலர் கட்டணச் சீட்டுக் கிழித்துக் கொடுக்கிறார். சிறப்புத் தரிசன வரிசையில் அதிகம் கொடுத்தவர் முன்னால் போகிறார். நாத்திகரைவிடச் சைவர்தான் இதற்குக் கோபப்பட வேண்டும்.

ஒரு கடைசி எதிர்வாதம் மிச்சம் உண்டு. சிறுபான்மைக் கல்லூரிகள் தம் சமயத்தவரையே ஆசிரியராக எடுக்கின்றனவே, அதை மட்டும் ஏன் விடுகிறீர்கள் என்பது. விடவில்லை. அவை அரசு நிறுவியவை அல்ல. 30ஆவது கூறு அவற்றுக்கு நிர்வாக உரிமை தருகிறது. தம் சொந்தப் பணத்தில் நடத்தும்வரை யாரை நியமிப்பது என்பது அவர்கள் பாடு. ஆனால் ஆசிரியரின் மாதச் சம்பளம் அரசுக் கருவூலத்திலிருந்து வருகிறபோது, அப்பணியிடத்துக்குத் திருச்சபை உறுப்பினர் என்பதோ சமாஅத்தைச் சேர்ந்தவர் என்பதோ தகுதியாவது எனக்கு ஒப்பில்லை. நிதியுதவி பெறும் நிறுவனங்களில் மதம் பார்த்து மாணவர் சேர்க்கையை மறுக்கலாகாது என்று 29(2) சொல்கிறது. அதே நேர்மை ஆசிரியர் நியமனத்துக்கும் வேண்டும். இதைச் சொல்வதால் என் கிறித்தவ, இசுலாமிய நண்பர்கள் சிலருக்கு வருத்தம் வரும். வரட்டும்.

செய்ய வேண்டியது கடினமானதன்று. அந்த நான்கு கல்லூரிகளையும் அரசுக் கல்லூரிகளாக்கி, கோயில்கள் இதுவரை செலவிட்ட தொகையைக் கருவூலத்திலிருந்து திருப்பிக் கொடுக்க வேண்டும். ஆசிரியர்களைப் பிற அரசுக் கல்லூரிகளுக்குப் போலவே ஆசிரியர் தேர்வு வாரியத்தின் மூலம் எடுக்க வேண்டும். இப்போது பணியில் இருப்போரைப் பாதுகாத்துக்கொண்டே இதைச் செய்ய முடியும். அறநிலையத் துறை தணிக்கைக்கும் ஆக்கிரமிப்பு மீட்புக்கும் நுழைவுரிமைக்கும் உரிய அமைப்பாகச் சுருங்கட்டும். அதன்பிறகு 10ஆம் பிரிவு தேவைப்படாது. வழிபாட்டையும் விழாவையும், எல்லாச் சாதியினரும் பெண்களும் இடம்பெறும் தேர்ந்தெடுக்கப்பட்ட அறங்காவலர் குழுக்கள் பார்த்துக்கொள்ளட்டும். இதற்கெல்லாம் பணம் எங்கே என்று நிதித் துறை கேட்கும். பள்ளியும் கல்லூரியும் நடத்தத்தானே வரி கட்டுகிறோம்? உண்டியலில் போட்டவர் அதற்காகப் போடவில்லை.